எண்ணெய் போட்ட பூட்டு

நகரமைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உலகத்திலேயே ஜாலியான வேலை நம்முடையதுதான். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். அதில் ஒன்றை முடிப்பதற்குள்ளேயே மனுஷனுக்கு நாக்குத் தள்ளிவிடும். நாமோ இன்னும் பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு எப்போது கல்யாணம் ஆகும், அவன் எங்கே குடித்தனம் வைப்பான், அந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், மழை பெய்தால் எந்தப் பக்கம் வடியும் என்று ஊருக்கே சேர்த்துக் கணக்குப் போடுகிறோம். ஜோசியர் சொன்னது பலிக்காவிட்டால் ஒரு பரிகாரத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். நமக்கு அந்த வசதி கிடையாது. தப்பாக வண்ணம் பூசிய வரைபடம் இருபது வருஷத்துக்கு அப்படியே நிற்கும்.

எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது குயிலாப்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். "புதுசா வந்தவங்களுக்காக ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்" என்று பழைய அலுவலகத்திலிருந்து கேட்டதும் பேனாவைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டேன். நான் அவசரக்காரி, கோபக்காரியும்கூட. அலுவலகத்தில் டீ கொண்டுவருபவர் கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். மென்பொருளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். மரக்காணத்தில் ஒரு பூட்டைப் பார்த்த கதையை மட்டும் சொல்கிறேன்.

அப்போது அந்த ஊருக்கு அடுத்த இருபது வருஷத்துக்கான வீட்டு வசதித் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வருகிற யாருக்கும் அந்த ஊர் எந்த வேகத்தில் மாறுகிறது என்று தெரியும். நேற்று முள்ளுக்காடாக இருந்த இடத்தில் இன்று கலர் கொடி நட்டு, கல் ஊன்றி, மனை விற்கிறார்கள். மழைத்தண்ணீர் நிற்கிற பள்ளத்தைக்கூட விடவில்லை. எங்கே வீடு வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் வரைபடம் ஒன்று சீக்கிரம் வந்தாக வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் துடிப்பு.

வீடுகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பை ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். அங்கே இதைப் பார்த்துக்கொண்டவர் பெயர் சுந்தர். ஒழுங்கான மனிதர். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடை பிடித்துக்கொண்டு அவருடைய ஆட்கள் தெருத் தெருவாக நடந்தார்கள். கதவு திறக்காத வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தட்டினார்கள். வரைபடத்தில் ஆள் இருக்கும் வீட்டுக்கு நீல வட்டம், காலி வீட்டுக்கு மஞ்சள் வட்டம். வேலை முடிந்து வரைபடம் வந்து இறங்கியபோது நானே கை தட்டினேன், அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கடலோரத்துப் பங்களாக்கள் எல்லாம் நீலம். உப்பளத் தொழிலாளர்கள் இருக்கும் காலனியோ மஞ்சள் கொட்டிக் கிடந்தது. ஆகவே சுந்தர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். காலனியில் தேவைக்கு மேல் வீடு இருக்கிறது, அங்கே இனி வீட்டுமனை தேவையில்லை. காலனிக்கு மேற்கே பனைமேடு என்று ஒரு புறம்போக்கு இருந்தது. எந்த மழையிலும் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம். அங்கே மனை கொடுங்கள் என்று காலனிக்காரர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வரைபடத்தில் அது சுற்றுலா விடுதிகளுக்கு என்று வண்ணம் பூசப்பட்டிருந்தது.

பொங்கலுக்கு முன்பே மக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்து, வரைபடத்தை இறுதி செய்து சென்னைக்கு அனுப்பிவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. கூட்டத்துக்கான பேனரை எங்கே கட்டலாம் என்று பார்க்க நான் காலனிக்குப் போனேன். அன்றும் பிசுபிசுவென்று தூறல். தெருவில் ஆளே இல்லை. ஒரே ஒரு அம்மா மட்டும் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் எண்ணெய் பாட்டிலோடு ஒரு பூட்டிய வீட்டின் முன்னால் குனிந்துகொண்டிருந்தார்.

"இன்னாக்கா பண்றீங்க?" என்று கேட்டேன்.

"பூட்டுக்கு எண்ணெ போடறேன். பாத்தா தெரியலையா?"

எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. என்னைப் போலவே சுள்ளென்று பேசுகிற ஆள். பெயர் லூர்துமேரி. பூட்டின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை அவிழ்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, சாவித் துவாரத்தில் இரண்டு சொட்டு விட்டு, மறுபடி கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டார். பிறகு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

"இதெல்லாம் உங்க வீடா?"

"அய்ய, எனக்கு ஒரு தெருவே சொந்தமா? இது அந்தோணி வீடு, அது கன்னியப்பன் வீடு, அந்தாண்ட இருக்குறது எங்க நாத்தனா வீடு. மழை வந்தா உப்பளத்துல வேலை ஏது? எல்லாம் மெட்ராஸ் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருக்குதுங்க. இந்த உப்புக் காத்துல பூட்டு துரு ஏறிப் பூடும், வந்து தொறக்க முடியாது. அதனால யாரு ஊர்ல இருக்காங்களோ அவங்க எல்லா பூட்டுக்கும் எண்ணெ போட்டுடுவோம். சின்ன மருமக மாசமா இருக்கா, அதான் இந்த வருஷம் நான் நின்னுட்டேன்."

"எப்ப வருவாங்க?"

"பொங்கலுக்கு வந்துடுவாங்க. வெயில் அடிச்சா பாத்தியில எறங்கணும் இல்ல?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்தத் தெருவின் மஞ்சள் வட்டங்கள் ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்து நின்றன. ஒரு பூட்டைத் தொட்டேன், விரலில் எண்ணெய். அடுத்த பூட்டு, எண்ணெய். அதற்கடுத்ததும் எண்ணெய். காலி வீட்டுப் பூட்டுக்கு யாராவது எண்ணெய் போடுவார்களா? ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே கடலோரத்துப் பங்களாக்களுக்குப் பறந்தேன். ஒரு பங்களாவின் பக்கவாட்டுக் கதவில் தொங்கிய பூட்டு, தொட்டதும் பழுப்பாக உதிர்ந்தது.

"ஓனர் எப்பங்க வருவாங்க?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"சனி ஞாயிறு வந்தா உண்டு மேடம். மழையில ஒரு தடவ பர்த்டே பார்ட்டிக்கு வந்தாங்க. அன்னிக்குத்தான் உங்க ஆளுங்களும் வந்து எழுதிக்கினு போனாங்க."

புரிகிறதா? வார நாளில் பங்களாக் கதவு திறக்கவில்லை என்று, பாவம், சுந்தரின் ஆட்கள் சனி ஞாயிறாகப் பார்த்துப் போயிருக்கிறார்கள். ஊரிலேயே வாழ்கிறவன் வீடு காலி, வருஷத்தில் இரண்டு நாள் கேக் வெட்டுகிறவன் வீட்டில் ஆள் இருக்கிறது. நான் ஜீப்பில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன், அப்புறம் பொல்லாத கோபம் வந்தது.

லூர்துமேரியின் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஒரே அறை, பின்னால் சமையலுக்குத் தடுத்த ஒரு மூலை. அவர், கணவர், கல்யாணமான இரண்டு மகன்கள், அவர்கள் மனைவிமார், எல்லோருக்கும் அதுதான் வீடு. வரைபடத்தில் அதற்கு ஒரு நீல வட்டம், ஒரு வீடு, ஒரு குடும்பம், குறை ஒன்றும் இல்லை.

"பெரிய மருமக ஸ்டெல்லா, இரும்பையில தாய் வீட்டுக்குப் போயிட்டா" என்றார் லூர்துமேரி. "சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. 'படுக்க ஒரு மறைவு வேணும் அத்தை, அது கிடைச்ச அன்னிக்கு வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனா. பெரியவன் ஊர்ல இருந்தா உப்புக் கொட்டகையில படுத்துக்குறான். நான் யாரைக் குத்தம் சொல்றது? பனைமேட்டுல ஒரு மனை குடுத்தா அதுங்க ரெண்டும் சேர்ந்து வாழும்."

பனைமேட்டுக்கு என்ன வண்ணம் பூசியிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். எண்ணெய் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே என் மேலதிகாரியிடம் போய் நின்றேன். பெயர் வேண்டாம். அதிகம் பேசாத மனிதர், கூட்டம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. நான் பொரிந்து தள்ளியதை எல்லாம் கேட்டார்.

"கணக்கெடுப்பு தப்புன்னு நிறுத்தினா, திரும்ப எடுக்கணும். அதுக்குள்ள அந்தப் பள்ளம் பூரா கல் நட்டுடுவாங்களே, அது பரவாயில்லையாம்மா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் வேலையில் ஒரு பக்கம் தப்பும் மறுபக்கம் சரியும் வந்து நிற்பது ரொம்ப அபூர்வம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், நேரம் மட்டும் இருக்காது. திட்டத்தை நிறுத்தினால் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் வீடு முளைக்கும். நிறுத்தாவிட்டால் பனைமேடு போய்விடும்.

"நிறுத்த வேணாம் சார். கூட்டத்தைப் பொங்கலுக்கு அப்புறம் தள்ளி வைங்க. ஆளுங்க ஊர்ல இருக்கும்போது வைங்க. அவங்களே வந்து சொல்லிட்டா, அது கூட்டத்துல பதிவாயிடும், நம்ம திருத்தலாம். மறுபடி முதல்லேர்ந்து எடுக்கத் தேவையில்ல."

"வரலன்னா?"

"வருவாங்க சார்."

"வரலன்னா இந்த வரைபடம்தான் போகும்" என்றார். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

லூர்துமேரியிடம் ஓடினேன். "கூட்டம்னா நாங்க பின்னால நிப்போம், மைக்க வேற யாராவது புடிச்சிக்குவாங்க. போன தடவ ஒருத்தரு பேச ஆரம்பிச்சி, பந்தலைப் பிரிக்கிற வரைக்கும் வுடல" என்றார். எனக்கு அந்த இடத்தில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. "மைக்கே வேணாம்க்கா. வர்றவங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டுச் சாவியை மட்டும் எடுத்தாரச் சொல்லுங்க" என்றேன். "சாவி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே சிரித்தார்.

அந்த வருஷம் மழை விடுகிற மாதிரி இல்லை. பொங்கலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், ஆனால் வானம் மூடியே கிடந்தது. எனக்கென்ன, ஆள் வந்தால் போதும் என்று நிம்மதியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன், சுளீரென்று வெயில்! சந்தோஷப்பட்டேன் பாருங்கள், என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

சமுதாயக் கூடத்தில் நீளமான மேஜைகளைச் சேர்த்துப் போட்டு வரைபடத்தை விரித்தோம். மனை விற்கிறவர்கள் வெள்ளைச் சட்டையில் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். விடுதி நடத்துகிற ஒருவர், சுற்றுலா வந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று பேசினார். தப்பாகச் சொல்லவில்லை. சுந்தர் தன் முடிவுகளை விளக்கினார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலனியிலிருந்து ஒரு ஈ காக்கா வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் வெயில்! பாத்தியில் தேங்கிய மழைத்தண்ணீரை இறைத்து வரப்பு கட்ட எல்லோரும் உப்பளத்துக்குப் போயிருப்பார்கள்.

கூட்டத்தை அங்கே மாற்ற முடியாது. அறிவிப்பில் போட்ட இடத்தைத் தாண்டி நடந்தால் யார் வேண்டுமானாலும் செல்லாது என்று வழக்குப் போடலாம். "வேற யாரும் கருத்து சொல்றதா இல்லன்னா முடிச்சிக்கலாமே" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல். நான் என் மேலதிகாரி சாரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அறிவிப்பை எடுத்து ஒருமுறை பார்த்தார்.

"காலை பத்து மணி முதல்னு இருக்குது. எது வரைக்கும்னு போடல" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து மைக்கைப் பிடித்தார். "எல்லாருக்கும் டீயும் வடையும் வருது. அதுவரைக்கும் திட்ட அறிக்கையை முழுசா படிக்கிறேன். மக்கள் தெரிஞ்சிக்கணும் இல்லையா? முதல் அத்தியாயம், மண்ணின் தன்மை…"

கூட்டம் என்றாலே ஒளிகிற மனிதர்! சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் ஜீப்புக்கு ஓடினேன்.

உப்பளத்தில் எல்லோரும் முழங்கால் சேற்றில் நின்றார்கள். வரப்பின் மேல் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். நிமிர்ந்து பார்த்தார்கள், நகரவில்லை.

"இன்னிக்கு வெயில வுட்டா மறுபடி எப்ப அடிக்குமோ மேடம். நாளைக்கு வர்றோமே?" என்றார் அந்தோணி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உப்பள வேலை இல்லாமல் மாசக்கணக்கில் காத்திருந்த வெயில் அது.

நான் வாயைத் திறப்பதற்குள், நடுப்பாத்தியிலிருந்து லூர்துமேரியின் குரல் வெடித்தது. "ஏம்பா அந்தோணி! வெயிலு நாளைக்கும் வரும். இந்த மேப்பு இருவது வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் வரும். உன் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சின்னா மாப்பிள்ளைய எங்க படுக்க வைப்ப, பாத்தியிலயா? வரப்பு கட்டிக்கினே இரு. எவனாவது வந்து பனைமேட்டுல நீச்சல் குளம் கட்டட்டும், அதுல போயி எட்டிப் பாரு!"

யாரோ சிரித்தார்கள். அந்தோணி மண்வெட்டியை வரப்பில் குத்தி நிறுத்தினார். "டேய், வாங்கடா, போயிட்டு வந்துடலாம். இந்தம்மா வாய்க்குப் பயந்தாவது போவணும்" என்றார்.

உப்பு ஏற்றுகிற டிராக்டரில் ஏறிக்கொண்டார்கள். சமுதாயக் கூடத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது சார் குடிநீர் பற்றிய அத்தியாயத்தில் இருந்தார், குரல் கம்மிப்போயிருந்தது. முன் வரிசையில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எங்களைப் பார்த்ததும் அறிக்கையை மூடினார். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் எப்படிச் சொல்வேன்!

"மஞ்சள் வட்டம் எல்லாம் காலி வீடுன்னு இதுல போட்டிருக்குது. உங்க வீடு அதுல இருந்தா வந்து காட்டுங்க" என்றேன்.

அந்தோணி முதலில் வந்தார். கோயிலையும் தண்ணீர்த் தொட்டியையும் வைத்துத் தன் வீட்டைக் கண்டுபிடித்தார். அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து அந்த மஞ்சள் வட்டத்தின் மேல் வைத்தார். அடுத்து கன்னியப்பன். அடுத்து லூர்துமேரியின் நாத்தனார். பெண்கள் தாலிக் கயிற்றில் ஊக்கு போட்டு மாட்டிய சாவிகளைக் கழற்றினார்கள். டக், டக் என்று மேஜையில் சத்தம் விழுந்துகொண்டே இருந்தது. தூங்கியவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் காலனியில் மஞ்சளே தெரியவில்லை. நான் குதிக்காததுதான் பாக்கி.

கடைசியாக லூர்துமேரி வந்தார். தன் நீல வட்டத்தின் மேல் ஒரு சாவியை வைத்தார். சின்ன மகன் வந்து அதே வட்டத்தில் இன்னொன்றை வைத்தான்.

"ஒரு வீட்டுக்கு ஒரு சாவி போதும்மா" என்றார் சுந்தர்.

"வீடு ஒண்ணுதான் சார். குடும்பம் மூணு. யாரு எப்ப வேலைக்குப் போயி எப்ப வருவாங்கன்னு தெரியாது, அதான் ஆளுக்கு ஒரு சாவி."

சுந்தர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு மற்ற வட்டங்களையும் உற்றுப் பார்த்தார். இரண்டு சாவி, மூன்று சாவி என்று பல வட்டங்களில் சாவி குவிந்து கிடந்தது. நானே அதுவரை கவனிக்கவில்லை. காலி இல்லை என்று நிரூபிக்கத்தான் சாவியைக் கேட்டேன். இந்த ஊருக்கு இன்னும் எத்தனை வீடு தேவை என்ற கணக்கும் அதிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. சுந்தர் பேனாவைத் திறந்து, அங்கேயே குனிந்து, வட்டம் வட்டமாக எழுத ஆரம்பித்தார். தன் வேலையில் தப்பு என்று தெரிந்த நிமிஷத்திலேயே திருத்த உட்கார்ந்த அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"உங்க பெரிய பையன் சாவி?" என்று கேட்டேன்.

"அவன் சாவி ஸ்டெல்லா கிட்ட இருக்குது. போகும்போது எடுத்துக்கினு போயிட்டா, நானும் கேக்கல" என்றார் லூர்துமேரி.

"கொண்டாந்திருக்கேன் அத்தை" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஸ்டெல்லாதான். கூட்டச் சேதி கேட்டு இரும்பையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். பெரிய மகன் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்று அவளையே பார்த்தான். அவள் மேஜைக்கு வந்தாள். மாமியாரின் நீல வட்டத்தைத் தேடிப் பார்த்தாள். ஏற்கெனவே அங்கே இருந்த இரண்டு சாவிகளைப் பார்த்தாள். பிறகு கையை மேற்கே நகர்த்தி, ஒரு வட்டமும் இல்லாத பனைமேட்டின் நடுவில் தன் சாவியை வைத்தாள்.

"அங்க வீடே இல்லையேம்மா" என்றார் சார்.

"தெரியும் சார். இங்க ஒரு வீடு வைங்கன்னு சொல்றேன்" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சார் அந்தச் சாவியை எடுக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'குடியிருப்பு' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டார். கூட்டத்தின் பதிவோடு அந்த வரைபடம் சென்னைக்குப் போனபோது, காலனி முழுக்க எண்ணெய்க் கறை. பனைமேட்டில் ஒரே ஒரு சின்னக் கறை.

போன கார்த்திகையில் புதுச்சேரியிலிருந்து சென்னை பஸ்ஸில் போனவள், மனசு கேட்காமல் மரக்காணத்தில் இறங்கிவிட்டேன். நல்ல மழை. பனைமேட்டில் புது வீடுகள் வரிசையாக நின்றன. ஸ்டெல்லாவின் வீடு எது என்று கேட்டுப் போனேன். பூட்டியிருந்தது. மழை அல்லவா, புருஷனும் பெண்டாட்டியும் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள்.

பூட்டின் மேல் கவர் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அதை விலக்கித் தொட்டுப் பார்த்தேன். விரலில் எண்ணெய் ஒட்டியது. கொட்டுகிற மழையில், அந்தப் பூட்டிய வீட்டின் முன்னால் நின்றுகொண்டு, பைத்தியக்காரி மாதிரி கை தட்டினேன்.